ரோட்டில் அடிபட்டேன், படியில் விழவில்லை

எனக்கு அடிபட்டது ரோட்டில். வீட்டுப் படியில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தபோது "வூட்டுப் படியில வழுக்கி உழுந்துட்டாங்க" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். சொன்னவர் அசலார் யாருமில்லை, என் வீட்டுக்காரர் மாதையன்தான். கால் உடைந்ததில் பட்ட பாடு ஒரு பங்கு என்றால் அந்தப் பொய்யால் பட்ட பாடு மூன்று பங்கு. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் காவேரி. தருமபுரியில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளர். வாய் நீளம் என்று எனக்குப் பேர் உண்டு. ரேஷன் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வாய் இல்லையென்றால் பருப்பு மூட்டையோடு சேர்த்து அவளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கடை ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. பஸ் நிற்பதும், கார்டுக்காரர்களில் பாதிப் பேர் குடியிருப்பதும் அந்தப் பக்கம். ரோட்டு நடுவில் சிமெண்ட் தடுப்புச் சுவர் கட்டி, ஆள் கடக்க ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே ஒரு காலத்தில் வெள்ளைக் கோடும் அடித்திருந்தார்கள். டயர் பட்டுப் பட்டு அழிந்து, கடைசியில் கோடு இருந்த இடம் என்னைப் போல் நாள்தோறும் கடக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் அந்த இடைவெளியில் நிற்பதைக் கடையிலிருந்து பார்ப்பேன். இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருக்கும். வண்டியை நிறுத்தச் சொல்லி கை காட்டக்கூட முடியாது. ஹாரனை அடித்துக்கொண்டு போவார்களே தவிர ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

பார்த்துப் பார்த்து வயிறு எரிந்து, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய் மனு கொடுத்தேன். கோட்டைப் புதிதாக அடியுங்கள், இரண்டு பக்கமும் வேகத்தடை போடுங்கள், ஒரு விளக்கு வையுங்கள், இவ்வளவுதான் கேட்டேன். எந்தெந்த மேஜைக்கோ போய்ப் பதில் வந்தது. மேற்படி இடத்தில் விபத்து எதுவும் பதிவாகவில்லை, எனவே தேவை எழவில்லை என்று. படித்துவிட்டு எரிச்சலில் அதை மடித்துப் பாமாயில் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அந்தத் தேவை எழுந்தது. என் காலில் எழுந்தது.

கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி முதல் பாதியைக் கடந்து, இடைவெளியில் நின்று பார்த்தேன். எதிரே வந்த டவுன் பஸ் நின்றது. டிரைவர் நல்ல மனுஷன், "போம்மா" என்று கையை அசைத்தார். அழிந்த கோட்டின் மேலேயே நடந்தேன். நின்ற பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு தக்காளிப் பெட்டி ஏற்றிய வேன் ஒன்று வந்தது. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டதாம். ஏலம் முடிந்தால் விலை விழுந்துவிடுமாம். அதற்காக என்னை விழ வைத்தான். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் என் முழங்கால் ஒரு பக்கம் பார்க்கிறது, பாதம் வேறு பக்கம் பார்க்கிறது.

வேனை ஓட்டியவன் பெயர் சந்தோஷ். என் மகள் திவ்யாவின் வயதுதான் இருக்கும். அழுதுகொண்டே ஆட்டோ பிடித்து என்னை ஏற்றினான். போட்டுவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிற ஊரில் அவன் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டோவில் வரும்போதே அவன் தன் தாய்மாமன் கோவிந்தசாமிக்குப் போன் அடித்துவிட்டான். என் வீட்டுக்காரருக்குத் தகவல் போய் அவர் வந்து சேருவதற்குள் கோவிந்தசாமி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். அடித்தவனும் அடிபட்டவளும் அசலாராக இருந்தால்தானே வழக்கு, வாய்தா எல்லாம்? அதனால் முதலில் சொந்தம் கண்டுபிடிப்பார்கள். எந்த ஊரு, யாரு வூட்டு வகையறா, பொண்ணு எடுத்தது எங்கே, கொடுத்தது எங்கே என்று விசாரித்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு முடிச்சு அகப்படாமல் போகாது. என்னை எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் போட்டு வைத்திருந்த நேரத்துக்குள், கோவிந்தசாமியின் பெரியப்பா மகளை என் வீட்டுக்காரரின் சித்தப்பா வகையில் கொடுத்திருப்பது தெரிந்துவிட்டது. "அட, நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாமா" என்ற கோவிந்தசாமியின் குரல் என் காதில் விழுந்தது. என் கால் அப்போது ரெண்டாக இருந்தது.

டாக்டரம்மா வந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"வூட்டுப் படியில வழுக்கி உழுந்துட்டாங்கம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரத்தில் காலை இழுத்து நேராக்கினார்கள். திறந்த வாயில் வந்தது அலறல்தான், பேச்சில்லை. பிறகு ஊசி போட்டார்கள், உறங்கிவிட்டேன்.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். பெரியது டிபியா, உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுதான். பக்கத்தில் ஒல்லியாக இருப்பது ஃபிபுலா. எனக்கு இரண்டும் உடைந்திருந்தன. உடனே ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது, வீக்கம் வடிந்தால்தான் கத்தி வைக்க முடியுமாம். அதுவரை ஸ்லாப், அதாவது காலுக்கு அடியில் மட்டும் மாவை வைத்துத் துணியால் சுற்றிய அரைக்கட்டு. நர்ஸ் அடிக்கடி வந்து, "விரலை ஆட்டுங்க" என்பார். வீக்கம் உள்ளுக்குள்ளேயே ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டால் விரல் அசையாதாம், காலே போய்விடுமாம். அதைக் கேட்ட பிறகு யாரும் சொல்லாமலே விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். எனக்கா? ஊருக்கெல்லாம் சர்க்கரை நிறுத்துப் போடுகிற எனக்கே தெரியாமல் எனக்குள் சர்க்கரை. அது இறங்கினால்தான் புண் ஆறுமாம், ஆபரேஷன் தள்ளிப்போனது. காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் ஊசி. என்னை அடித்த அந்த வேன் வந்த வழியில் சர்க்கரையையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, அதற்கு ஒரு கும்பிடு.

அது பெண்கள் வார்டு. ஆண்கள் பார்வையாளர் நேரத்தில்தான் வரலாம். திவ்யா சேலத்தில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கூட இருந்தாள். பெட்பேன் வைத்தாள், துடைத்துவிட்டாள், தலை பின்னினாள். பெற்ற மகள் முன்னால் அப்படிக் கிடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "நீ எனக்குச் செய்யலியா? கம்முனு படு," என்றாள். வீட்டுக்காரர் மூன்று வேளையும் கேரியர் கொண்டுவந்தார். அவருக்கு எலக்ட்ரீஷியன் வேலை. வாழ்நாளில் அடுப்புப் பக்கம் போனதில்லை. இப்போது டாக்டர் சொன்னபடி களி கிண்டி, கீரை கடைந்து கொண்டுவந்தார். களியில் கட்டி இருந்தது, ஆனாலும் தின்றேன். களி கிண்டிய கையைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை, பொய் சொன்ன வாயை மன்னிக்கவும் முடியவில்லை.

முதல் இரண்டு நாள் மருந்து மயக்கத்தில் போனது. தெளிந்த பிறகு பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ் அக்கா. என் கடைக் கார்டுதான், மகன் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார்.

"என்னக்கா ஆச்சு?"

"தண்ணிக் குடம் தூக்கறப்ப வழுக்கிட்டேம்மா," என்றார். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் மருமகள் டீ வாங்கப் போயிருந்தாள். குரலைத் தாழ்த்தி, "உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்றது? உன் கடைக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். ரோட்டு நடுவுல, அந்தச் சொவத்துச் சந்துல நிக்கறப்ப பைக்கு அடிச்சுட்டுது," என்றார்.

"ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"அடிச்ச பையனோட அப்பாரு நம்ம பையனுக்குச் சரக்குப் போடறவரு. ஏவாரம் பண்ற எடத்துல எதுக்குப் பகை? நம்ம கெட்ட நேரம்னு உட்டுட்டோம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று பதில் எழுதியவர்கள் ஒருவிதத்தில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். எங்கிருந்து பதிவாகும்? அடிபட்டவர்கள் எல்லாம் படியில் விழுந்தோம், குடத்தோடு விழுந்தோம் என்று வந்து படுத்துக்கொண்டால், அந்த ரோட்டைப் போல் நல்ல ரோடு தமிழ்நாட்டிலேயே கிடையாது. கோடு கேட்டு மனு கொடுத்த நானே கோடு வேண்டாம் என்பதற்கு அத்தாட்சியாகப் படுத்திருக்கிறேன். ஆத்திரத்தில் அழுதேன். எலும்பு முறிந்த வலியில்கூட அப்படி அழவில்லை.

மாலையில் வீட்டுக்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"படியில வழுக்கி உழுந்தேனா நான்? நம்ம வூட்டுப் படி என்னைக்குங்க தக்காளி ஏத்திக்கிட்டு வந்துச்சு?"

"மெதுவாப் பேசு காவேரி. போலீசு, கோர்ட்டுன்னு யாரு அலையறது? அந்தப் பையனுக்கு லைசென்சு போயிடும். செலவு பூரா நாங்க பாத்துக்கறோம்னு மாமன் சொல்லிட்டாரு."

"என் கால்ல வுடற கம்பிக்குச் செலவு பண்ணுவாரு. நாளைக்கு அதே எடத்துல இன்னொருத்தி உழுவாளே, அவளுக்கும் இந்த மாமன்தான் வருவாரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேரியரைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கோவிந்தசாமியே வந்துவிட்டார். கையில் ஆப்பிளும் ஆரஞ்சும் நிறைந்த பை. சர்க்கரைக்காரிக்கு.

"தங்கச்சி, தீர்த்தமலைக்கு வேண்டிக்கிட்டேன். உனக்குக் காலு கூடி வந்துட்டா அந்தப் பையனுக்கு அங்க மொட்டை போடறேன்," என்றார்.

"மொட்டை எதுக்குங்க? அவன் தலைமுடி என் மேல மோதல. என்னை வேன் அடிச்சுதுன்னு டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க, அது போதும்," என்றேன். பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "வலியில பேசுது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் பெண் சொல்லும் நியாயத்துக்கு எப்போதும் வலி, கோபம், பித்தம் என்று ஏதாவது ஒரு நோயின் பெயர் இருக்கும்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது சொன்னேன். "அம்மா, நான் படியில உழுவல. ரோட்டக் கடக்கறப்ப வேன் அடிச்சுது. வூட்டுக்காரரு பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டாரு."

அவர் என் கேஸ் ஷீட்டைப் பிரித்தார். "முன்னாடி எழுதினதை நான் அடிக்க முடியாது. இப்ப நீங்க சொல்றதைச் சேர்த்து எழுதறேன். போலீசுக்குத் தகவல் போகும், வந்து கேப்பாங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொல்லணும், சரியா?"

"சாவுற வரைக்கும் இதையேதான் சொல்லுவேன்."

"சாவெல்லாம் எதுக்கு? சுகரைக் குறைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ்காரர் வந்தார். வேனின் நிறம், வந்த திசை, பஸ் நின்றது, கோடு அழிந்திருப்பது எல்லாம் சொன்னேன். கோடு சமாச்சாரத்தை அவர் விட்டுவிட்டார். "அதையும் எழுதுங்க சார்" என்று மூன்று தடவை சொல்லி எழுத வைத்தேன். அவர் போகும்போது பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். மும்தாஜ் அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பாவம் என்றும் இருக்கிறது. இரண்டும்தான் இருக்கிறது.

அதன் பிறகு என் வீட்டுக்காரர் வார்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். பங்காளிகள் வீட்டுக்கு வந்து, சொந்தக்காரன் பிள்ளையை ஸ்டேஷன் ஏற வைத்துவிட்டாள் உன் பொண்டாட்டி என்று பேசினார்களாம். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் கேரியர் மட்டும் நேரம் தவறாமல் வாசல் வரை வந்தது. திவ்யா போய் வாங்கி வருவாள். களியில் கட்டி குறைந்துகொண்டே வந்தது.

ஆபரேஷன் அன்று குளிர்ந்த அறையில் கூன் போட்டு உட்கார வைத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, ஆனால் நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே சிறியதாக அறுத்து, எலும்புக் குழலுக்குள் நீளமாக ஒரு கம்பியை அடித்து இறக்கி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள். வலி இல்லை, சுத்தியல் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறையில் மரக்கட்டையாகக் கிடப்பது போல இருந்தது. பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது? திவ்யாவுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று நினைத்தேன். கண்ணோரம் வழிந்த தண்ணீரை ஒரு நர்ஸ் துடைத்துவிட்டார். அவர் முகம் எனக்குத் தெரியாது, மாஸ்க் போட்டிருந்தார்.

வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது வராந்தாவில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "படிகிட்ட போய்க் கேளுங்க," என்றேன். அவர் அழுதுவிட்டார். பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டேன். பாதத்தை ஊன்றும்போதெல்லாம் உயிர் உச்சந்தலைக்குப் போய் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் கடை உதவியாளர் போன் செய்து, "அக்கா, ரோட்டுல வேலை நடக்குது. நீங்க போலீஸ்ல சொன்னதாலதானாம். ஆளுங்க வந்து அளக்கறாங்க," என்றார். படுத்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. கால் போனாலும் கோடு வந்ததே என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். அவரும் முதல் தடவையாக, "நீ சொன்னது சரிதான்" என்றார்.

டாக்டர் அனுமதித்ததும் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார். இறங்கிப் பார்த்தேன். கோடு இல்லை. வேகத்தடை இல்லை. விளக்கு இல்லை. இடைவெளி இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி நட்டு அடைத்திருந்தார்கள். ஆள் கடந்தால்தானே அடிபடுவார்கள்? கடக்கவே முடியாமல் செய்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அடுத்த சிக்னல் வரை மூட்டையோடு நடந்துபோய்த் திரும்பி வர வேண்டும். யார் நடப்பார்கள்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் அரிசி மூட்டையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, சேலையை வழித்துக்கொண்டு ஏறிக் குதித்தாள். குதித்த இடம் நடு ரோடு. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒட்டிப் போனான். வண்டி ஓட்டுகிறவனை மெதுவாகப் போகச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது, நடக்கிறவளைத்தான் கம்பி போட்டு மறிப்பார்கள்.

கடைக்குள் போய் உட்கார்ந்தேன். நலம் விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். வரிசையில் முன்னால் நின்ற ராஜாமணி, பூ விற்கிறவள், மேஜையைத் தட்டினாள்.

"எல்லாம் உன்னாலதான்க்கா. நீ கம்முனு வூட்டுல உழுந்தேன்னு சொல்லிட்டுப் போயிருந்தா எங்களுக்கு வழியாவது இருந்திருக்கும். போலீசுக்குச் சொன்னே, உள்ளதையும் அடைச்சுட்டாங்க."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினில் கைரேகை வைக்க நீட்டிய அவள் கையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் ஒருத்தி சொன்னதாலதான்டி அடைச்சானுங்க. ஒருத்தி அடிபட்டா, ஒரு வழிய அடைச்சா தீந்துச்சுன்னு நெனைக்கறாங்க. நாம எல்லாரும் சொல்லியிருந்தா ரோட்டைத்தானே மாத்தியிருக்கணும்? சொல்லுங்க, இந்த வரிசையில யாரு யாரு இங்க அடிபட்டீங்க? சொல்ற வரைக்கும் இன்னைக்கு யாருக்கும் அரிசி கிடையாது."

பிறகு நடுவிலிருந்து ஒரு பெண், "எங்க மாமியாரு. கிணத்தடியில உழுந்தாங்கன்னு சொன்னோம்," என்றாள். கடைசியில் நின்ற வயதான பெண்மணி சேலையைத் தூக்கி முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். மாட்டுக் கொட்டகையில் விழுந்ததாகச் சொன்னார்களாம். இன்னொருத்தி, இன்னொருத்தி.

ராஜாமணி மட்டும் என்னையே முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வலது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இத்தனை வருஷம் அந்தக் கையில் நான் சர்க்கரைப் பை கொடுத்திருக்கிறேன்.

"நான் பாத்ரூம்ல உழுந்தேன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு," என்றாள். "எங்க வூட்டுல ஏதுக்கா பாத்ரூமு?"